எல்லா நிரல்மொழியும் ஒன்றுதானா?



நிரல் எழுதுபவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வரும். “லாஜிக் தெரிந்தால் போதும், மொழி எதுவானால் என்ன? சி-யில் எழுதுவதைப் பைத்தானில் எழுதலாம், பைத்தானில் எழுதுவதை ஹாஸ்கெல்லிலும் எழுதலாம்” என்பார்கள். இதை வாய்ப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. இதற்குப் பின்னால் கணிதம் இருக்கிறது. ‘கணக்கிட முடிவது’ என்றால் என்ன என்பதை 1936-இல் அலன்சோ சர்ச் ஒரு வழியிலும் ஆலன் டூரிங் வேறொரு வழியிலும் வரையறுத்தார்கள். சர்ச் எடுத்துக்கொண்டது சார்புகளைத் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு குறியீட்டு முறை. டூரிங் எடுத்துக்கொண்டது நீண்ட நாடாவில் எழுதி அழிக்கும் கற்பனை எந்திரம். பார்வைக்கு இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் ஒன்றால் முடிந்தது மற்றதாலும் முடியும் என்று டூரிங்கே காட்டினார். இன்று புழக்கத்தில் உள்ள பொதுப்பயன் மொழிகள் அனைத்தும் அந்த எல்லையை எட்டியவை. அதனால் மொழியைத் தேர்ந்தெடுப்பது வெறும் ருசி சம்பந்தப்பட்ட விஷயம் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். தேற்றம் சரி, முடிவு தவறு என்பதே இன்று நான் வாதிட வந்திருப்பது.

அந்தத் தேற்றம் பேசுவது விடையைப் பற்றி மட்டும்தான். ஒரு கணக்குக்கு ஒரு மொழியில் விடை காண வழி உண்டென்றால் மற்றதிலும் உண்டு என்று அது சொல்லும். கேள்வியை எப்படி எழுதினோம், எழுதியதைப் படித்தால் கேள்வி புரிகிறதா, கேள்வி மாறினால் எழுதியதில் எவ்வளவு மாற வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தேவைப்படாத செய்திகள். ஜான் கான்வேயின் ‘லைஃப்’ விளையாட்டு 1970-இல் வெளிவந்தது. கட்டங்களில் புள்ளிகள் பிறப்பதற்கும் மறைவதற்கும் சில விதிகள், அவ்வளவுதான் அதில் உள்ளது. அதுவும் டூரிங் எந்திரத்துக்கு நிகரானது என்று பின்னர் நிறுவப்பட்டது. அதற்காக ஓர் அலுவலகத்தின் சம்பளப் பட்டியலை அதில் போட யாரும் முன்வரவில்லை. காசிக்கு நடந்தே போய்ச் சேரலாம் என்பதால் ரயில் வேண்டாம் என்று ஆகிவிடாது. நமக்கு வேண்டியது வேறோர் அளவுகோல். பிரச்சினையில் உள்ள பொருள்கள், அவற்றுக்கு இடையிலான உறவுகள், நிபந்தனைகள், தடைகள் எல்லாம் நிரலின் வாசகத்திலேயே தெரியும்படி எழுதுவதைத்தான் மாதிரியாக்கம் என்கிறோம். அந்த வேலைக்கு எந்த மொழி எவ்வளவு உதவுகிறது என்பதை எதைக் கொண்டு அளப்பது?

சட்டென்று தோன்றும் அளவுகோல் நீளம். குறைந்த வரியில் எழுத முடிந்தால் அது திறன் மிக்க மொழி என்று நினைக்கிறோம். கென்னத் ஐவர்சனின் ஏ.பி.எல். மொழியில் ஒரு பக்க நிரலை ஒரு வரிக்குள் அடக்கிவிடலாம். நல்ல குறியீடு நம் சிந்தனைக்கே கருவி ஆகிறது என்பதுதான் 1979-இல் டூரிங் விருது பெற்றபோது அவர் ஆற்றிய உரையின் பொருள். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சுருக்கம் ஒரு விளைவுதான். அதையே காரணமாக எடுத்துக்கொண்டால் ஏமாந்து போவோம். ஜாவாவின் நீளத்தில் பெரும்பகுதி, எடிட்டரே தானாக எழுதித் தந்துவிடுகிற சடங்கு வரிகள். அவற்றை நீக்கினாலும் சிந்தனை மாறுவதில்லை. ஏவற்சொற்களை மாற்றுவதும் அப்படித்தான். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியில் ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘இல்லை’ என்று தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலத் தடை இல்லாமல் பிள்ளைகள் நிரல் கற்க அது நல்ல வாசல். ஆனால் மாறிகளும் லூப்களும் அங்கேயும் அதே மாறிகள், அதே லூப்கள்தான். நான் தேடுவது சொற்களுக்கும் வரிக்கணக்குக்கும் அடியில் இருக்கும் ஒன்று.

அதைத் துல்லியமாகப் பிடித்தவர் மத்தியாஸ் ஃபெல்லைசன். 1990-இல் அவர் முன்வைத்த சோதனை கேட்க மிக எளியது. ஒரு மொழியில் ஒரு புதிய வசதியைச் சேர்க்கிறீர்கள். அந்த வசதியைப் பயன்படுத்திய நிரலை அது இல்லாத பழைய மொழிக்கு மாற்ற வேண்டும். அந்த இடத்தை மட்டும் தொட்டு மாற்ற முடிந்தால், வசதி வெறும் சுருக்கெழுத்து. நிரல் முழுவதையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டியிருந்தால், அது மொழிக்கு உண்மையிலேயே புதிய வெளிப்பாட்டுத் திறனைக் கொடுத்திருக்கிறது. ‘ஃபார்’ லூப்பை ‘வைல்’ லூப்பாக அதே இடத்தில் மாற்றி எழுதிவிடலாம். ஆகவே அது சுருக்கெழுத்து. எக்செப்ஷன் அப்படியில்லை. பத்து ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு போகின்றன. பத்தாவது ஒரு ஃபைலைத் திறக்கப் பார்த்துத் தோற்றுப்போகிறது. சேதி முதலாவதற்குப் போய்ச் சேர வேண்டும். எக்செப்ஷன் இருந்தால் பத்தாவதில் எறிந்து முதலாவதில் பிடித்துக்கொள்ளலாம். நடுவில் உள்ள எட்டுக்கும் இந்த விவகாரமே தெரியாது. அது இல்லையென்றால் எட்டிலும் ‘பிழை வந்ததா, வந்திருந்தால் திரும்பு’ என்று எழுதியாக வேண்டும். கோ மொழியில் வேலை செய்பவர்களின் விரல்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஃபெல்லைசனின் கட்டுரையில் இன்னொரு பாதியும் உண்டு. மேற்கோள் காட்டுபவர்கள் அதை அதிகம் கவனிப்பதில்லை. திறன் கூடும்போது உறுதி குறைகிறது. எக்செப்ஷன் உள்ள மொழியில், அந்த நடு எட்டில் ஒன்றைப் படிக்கிறவரால் ஒரு வரிக்கு அடுத்த வரி நிச்சயம் ஓடும் என்று சொல்ல முடியாது. எழுதுகிறவருக்குக் கிடைத்த சுதந்திரத்துக்குப் படிக்கிறவர் விலை கொடுக்கிறார். கோ மொழியை வடிவமைத்தவர்கள் தெரிந்தேதான் மறுபக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்த்தால் மாதிரியாக்கத்துக்கான அளவுகோல் கிடைக்கிறது என்பது என் கருத்து. பிரச்சினையின் விவரிப்பில் ஒரு வாக்கியம் கூடினால் நிரலிலும் ஓர் இடத்தில்தான் கூட வேண்டும். அதோடு, பிரச்சினையில் இடமே இல்லாத நிலைமையை நிரலில் எழுத முடியாமலும் இருக்க வேண்டும். முதலாவது சொல்லும் திறன், இரண்டாவது தடுக்கும் திறன். இரண்டாவதை நாம் திறன் என்றே எண்ணுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஊர்களுக்கு இடையே நேரடிப் பஸ் எங்கெங்கே இருக்கிறது என்று ஓர் அட்டவணை: மதுரையிலிருந்து திண்டுக்கல், திண்டுக்கல்லிலிருந்து பழனி, பழனியிலிருந்து உடுமலை. கேள்வி: ஓர் ஊரிலிருந்து, எத்தனை பஸ் மாறினாலும் சரி, இன்னோர் ஊருக்குப் போய்ச் சேர முடியுமா? 1970-இல் எட்கர் காட் வகுத்த உறவுமுறைத் தரவு மாதிரியும், அதன்மேல் எழுந்த எஸ்.க்யூ.எல். மொழியும் இதற்கென்றே பிறந்தவை போலத் தோன்றும். நேரடிப் பஸ் உண்டா என்று கேட்பது ஒரே வரி. ஒருமுறை மாறிப் போக முடியுமா என்றால், அட்டவணையை அதனுடனேயே ஒருமுறை இணைக்க வேண்டும். இருமுறை மாறுவதற்கு இரண்டு இணைப்பு. ‘எத்தனை முறை மாறினாலும்’ என்று கேட்டுவிட்டால் எத்தனை இணைப்புப் போடுவது? காட்டின் உறவு இயற்கணிதத்தில் இந்தக் கேள்வியை எழுதவே முடியாது என்று 1979-இல் ஆல்ஃபிரட் ஆஹோவும் ஜெஃப்ரி உல்மனும் நிறுவினார்கள். எழுதுவது கடினம் என்றோ நீளமாகும் என்றோ அவர்கள் சொல்லவில்லை. எந்த வழியிலும் முடியாது என்றார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கும் புரிகிற ‘எப்படியாவது போய்ச் சேர முடியுமா’ என்ற கேள்வி, உலகின் வங்கிக் கணக்குகளைத் தாங்கும் மொழியின் அடித்தளத்துக்கு எட்டவில்லை. 1999-ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் தன்னையே திரும்ப அழைக்கும் வினவல் எஸ்.க்யூ.எல்.-க்குள் அதிகாரபூர்வமாக வந்தது. அதுவரை தரநிலைப்படி எழுதியவர்கள் அட்டவணையை வெளியே எடுத்து, வேறொரு மொழியில் லூப் போட்டுத்தான் விடை கண்டார்கள்.

சி-யில் அந்த லூப் எப்படி இருக்கும்? இன்னும் பார்க்க வேண்டிய ஊர்களுக்கு ஒரு வரிசை; பார்த்த ஊர்களுக்கு ஒரு குறி; வரிசை காலியாகும்வரை சுற்று; குறி இருந்தால் தாண்டு. எல்லாம் சரியாகவே வேலை செய்யும். ஆனால் வரிசையும் குறியும் சுற்றும் யாருடைய கேள்வியிலும் இல்லை. அவை விடை தேடும் முறையைச் சேர்ந்தவை. இதே கேள்வியை 1972-இல் மார்செய்யில் அலென் கோல்மரோவர் குழுவினரிடம் பிறந்த புரோலாக் மொழியின் பாணியில் எழுதினால் இரண்டே வாக்கியம்.

போகலாம்(அ, ஆ) :- நேரடி(அ, ஆ).
போகலாம்(அ, ஆ) :- நேரடி(அ, இ), போகலாம்(இ, ஆ).

அ-விலிருந்து ஆ-வுக்கு நேரடிப் பஸ் இருந்தால் போகலாம். அ-விலிருந்து இ-க்கு நேரடிப் பஸ் இருந்து, இ-யிலிருந்து ஆ-வுக்குப் போகலாம் என்றால், அப்போதும் போகலாம். கேள்விக்கு விளக்கம் கேட்டால் நாம் வாயால் சொல்வதும் இதுவே. இன்னொரு வசதி: மதுரையிலிருந்து எங்கெல்லாம் போகலாம் என்று கேட்டாலும், பழனிக்கு எங்கிருந்தெல்லாம் வரலாம் என்று கேட்டாலும் பதில் சொல்வது இதே இரண்டு வாக்கியம். சி-யில் இரண்டாவது கேள்விக்கு இன்னொரு லூப் எழுத வேண்டும்.

புரோலாக் ஜெயித்துவிட்டது என்று இங்கேயே நிறுத்திக்கொண்டால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குத் திரும்பி வரும் பஸ்ஸையும் அட்டவணையில் சேர்த்துப் பாருங்கள். பஸ் போகாத ஓர் ஊரின் பெயரைச் சொல்லி மதுரையிலிருந்து அங்கே போகலாமா என்று கேட்டால், புரோலாக் மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கும் அங்கிருந்து மதுரைக்கும் ஓய்வில்லாமல் போய்வந்துகொண்டே இருக்கும், பதில் வராது. வாசகம் அறிவிப்பு போல இருந்தாலும், வாக்கியங்களை மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக எடுத்து ஓட்டும் ஓர் எந்திரம் அடியில் உட்கார்ந்திருக்கிறது. அதை மனத்தில் வைத்துத்தான் எழுத வேண்டும் என்றால், லூப் போடும் கவலை பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது என்று பொருள். இங்கேதான் டேட்டாலாக் என்ற மொழி வருகிறது. அதே இரண்டு வாக்கியத்தை எழுத்து மாறாமல் டேட்டாலாக்கிடம் கொடுத்தால், எத்தனை வட்டப் பாதை இருந்தாலும் அது முடிந்தே தீரும். இல்லை என்றால் இல்லை என்று சொல்லும். காரணம் அதன் கூடுதல் பலம் அல்ல, குறைந்த பலம். புதுப்புதுப் பொருள்களைக் கட்டிக்கொண்டே போகும் உரிமையை அது துறந்துவிட்டது. இருக்கிற ஊர்கள் இத்தனை என்றால் சொல்லத் தக்க உண்மைகளும் இத்தனைதான். எல்லாவற்றையும் திரட்டியதும் நின்றுவிடும். டூரிங் எந்திரத்துக்கு நிகரான தகுதியை விட்டுக்கொடுத்துத்தான் பிரச்சினைக்கு நெருக்கமான வாசகத்தை அது சம்பாதித்தது. விலை இல்லாமலும் இல்லை: ஒவ்வொரு பஸ்ஸின் கட்டணத்தையும் கூட்டி மிகக் குறைந்த செலவில் போகும் வழியைக் கேட்டால், தூய டேட்டாலாக் கைவிரித்துவிடும். ஆனால் உறவுகளைத் தொடர்ந்து பின்பற்றுவதே வேலையாக உள்ள துறைகளில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. நிரல்களில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கோட்-க்யூ.எல். கருவியின் வினவல் மொழி அந்த வம்சம்தான்.

தடுக்கும் திறனுக்கு நம் எல்லோருக்கும் பழகிய ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ரயில் டிக்கெட் உறுதியாகியிருக்கும், அல்லது ஆர்.ஏ.சி.யில் இருக்கும், அல்லது காத்திருப்போர் பட்டியலில் இருக்கும், அல்லது ரத்தாகியிருக்கும். விளக்கத்துக்காக எளிமைப்படுத்திச் சொன்னால், உறுதியானதற்கு இட எண் உண்டு, ஆர்.ஏ.சி.க்குப் பகிர்ந்துகொள்ளும் இருக்கையும் வரிசை எண்ணும் உண்டு. காத்திருப்புக்கு வரிசை எண் மட்டும். ரத்துக்குத் திரும்பக் கிடைக்கும் தொகை. வழக்கமான முறையில் நிலை, இடம், வரிசை எண், தொகை என்று நாலு புலங்களை வைத்து, தேவையில்லாதவற்றை ‘நல்’ என்று காலியாக விட்டுவிடுவோம். நிலை நாலு வகை. மற்ற மூன்றும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆக மொத்தம் 32 சேர்க்கைகள். அவற்றில் பொருளுள்ளவை 4. ரத்தான டிக்கெட்டுக்கு இட எண் இருப்பது, உறுதியான டிக்கெட்டுக்கு இடமே இல்லாதது உள்ளிட்ட மற்ற 28 அபத்தங்களையும் கம்பைலர் மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். எம்.எல்., ஹாஸ்கெல், ரஸ்ட் ஆகிய மொழிகளில், டிக்கெட் என்பது இந்த நாலில் ஏதாவது ஒன்று, ஒவ்வொன்றுக்கும் உரியது இன்னின்னது என்று ஒரே அறிவிப்பில் எழுதிவிடலாம். 28 அபத்தங்களையும் எழுதவே இயலாது. நாளை ஐந்தாவதாக ஒரு நிலை வந்தால், அதைக் கவனிக்காமல் விட்ட ஒவ்வோர் இடத்தையும் கம்பைலர் விரல் நீட்டிக் காட்டும். ‘நல்’ என்ற அந்தக் காலி மதிப்பை 1965-இல் ஆல்கால்-டபிள்யூ மொழியில் புகுத்திய டோனி ஹோர், செயல்படுத்துவதற்கு அத்தனை எளிதாக இருந்ததால்தான் சேர்த்தேன் என்று 2009-இல் ஓர் உரையில் வருந்தினார். நூறு கோடி டாலர் பிழை என்று அதற்குப் பெயரும் வைத்தார். எம்.எல். குடும்பத்தில் பல பத்தாண்டுகளாக இருந்துவரும் ‘நாலில் ஏதாவது ஒன்று’ என்று அறிவிக்கும் வசதியின் முழு வடிவம் ஜாவாவுக்கு வந்துசேர்ந்தது 2023-இல்தான், ஜாவா 21-ஓடு. மொழிகள் எல்லாம் ஒன்றே என்றால் ஜாவாவின் பொறுப்பாளர்கள் ஏன் இத்தனை பாடுபட்டார்கள்?

அப்படியானால் எம்.எல். குடும்பம்தான் உயர்ந்ததா? அதுவும் இல்லை. டிக்கெட்டின் நிலைகள் அப்படியே இருந்து, அவற்றின்மேல் செய்ய வேண்டிய வேலைகள் பெருகினால் இந்த வடிவம் வசதி. அச்சிடு, கணக்கிடு, தகவல் அனுப்பு என்று ஒவ்வொன்றையும் தனி இடத்தில் எழுதிக்கொள்ளலாம். வேலைகள் நிலையாக இருந்து பொருள்களின் வகை பெருகினால், வகைக்கு ஒரு கிளாஸ் வைக்கும் பொருள்நோக்கு மொழிகள் வசதி. பாவனையாக்கத்துக்காக நார்வேயில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய சிமுலாவிலிருந்து அந்த மரபு வருகிறது. நடமாடும் பொருள்களை வகைவகையாகச் சேர்த்துக்கொண்டே போவது அங்கே அன்றாடத் தேவை. இரண்டு திசையிலும் ஒரே எளிமையோடு வளர்வது கடினம் என்பதற்கு 1998-இல் ஃபிலிப் வாட்லர் ஒரு பெயரே சூட்டினார். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: பிரச்சினை எந்தத் திசையில் வளரும் என்று தெரியாமல் எந்த மொழியையும் உயர்த்திப் பேசுவதில் பயனில்லை.

இனி மறுப்புகள். “நல்ல லைப்ரரி இருந்தால் போதாதா?” என்று கேட்கலாம். பெரும்பாலான நாட்களுக்குப் போதும். ஆனால் லைப்ரரி சேர்க்கும், தடுக்காது. டேட்டாலாக்கை ஒரு லைப்ரரியாகப் பைத்தானில் கொண்டுவரலாம். ஆனால் அதைச் சுற்றியுள்ள பைத்தான் வரிகள் எதை வேண்டுமானாலும் செய்யும். முடிந்தே தீரும் என்ற உத்தரவாதம் அந்த வேலிக்கு உள்ளே மட்டும்தான் செல்லும். அப்படிப்பட்ட லைப்ரரி உண்மையில் ஒரு மொழிக்குள் குடியிருக்கும் இன்னொரு மொழி. லிஸ்ப் பரம்பரையில் இந்தக் கோடு மங்கிவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மேக்ரோவைக் கொண்டு மொழியையே நீட்டிக்கொள்ளலாம். அதன் விளைவாக ஒவ்வொரு குழுவும் தனக்கென்று ஒரு வட்டார வழக்கை உண்டாக்கிக்கொண்டு, புதிதாக வருபவருக்கு வாசலிலேயே திண்டாட்டம் ஆகிவிடுகிறது என்ற குறையும் நியாயமானதே.

“திறமையான நிரலர் எந்த மொழியிலும் ஒழுங்காக எழுதுவார்” என்பது அடுத்தது. இதற்குச் சான்றும் இருக்கிறது. லூட்ஸ் பிரெஹெல்ட் 2000-இல் வெளியிட்ட ஒப்பீட்டில் ஒரே பணியை ஏழு மொழிகளில் பலர் எழுதினார்கள். பைத்தான், பெர்ல் போன்ற மொழிகளில் சுமார் பாதி நேரமும் பாதி நீளமும் போதுமானதாக இருந்தது. ஆனால் பல அளவீடுகளில் மொழிக்கு மொழி உள்ள வேறுபாட்டைவிட ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடே பெரிது. கிட்ஹப்பில் உள்ள 729 திட்டங்களையும் 17 மொழிகளையும் வைத்து, மொழிக்கும் பிழைக்கும் தொடர்பு உண்டு என்று 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. 2019-இல் வேறொரு குழு அதே தரவைத் திரும்ப அலசியபோது அதன் முடிவுகளில் பெரும்பகுதி நிற்கவில்லை. இவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. என் வாதத்துக்கு இவை எதிரானவை என்றும் நினைக்கவில்லை. எல்லாப் பிரச்சினைகளையும் ஒரே சட்டியில் போட்டுச் சராசரி எடுத்தால், பொருத்தம் என்பது கரைந்துபோகும். ‘எந்த மொழி சிறந்தது’ என்ற கேள்விக்குப் பதில் இல்லை என்பதைத்தான் அவை காட்டுகின்றன. ‘இந்தப் பிரச்சினைக்கு எது’ என்ற கேள்வியை அவை தொடவே இல்லை.

ஒழுக்கம் போதும் என்பவர்களுக்கு 1999-ஐ நினைவூட்ட வேண்டும். மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற நாசாவின் விண்கலம் அந்த ஆண்டு செப்டம்பரில் செவ்வாயை எட்டிய நாளிலேயே தொலைந்தது. தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் கொடுத்தது. வாங்கிய மென்பொருள் அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. மெட்ரிக் அளவில்தான் தர வேண்டும் என்று எழுத்தில் விதி இருந்தது. விதி ஆவணத்தில் இருந்தது, நிரலில் வெறும் எண் இருந்தது. எஃப்-ஷார்ப் போன்ற மொழிகளில் எண்ணோடு அதன் அலகையும் டைப்பாக எழுதலாம். பவுண்டையும் நியூட்டனையும் கூட்டினால் கம்பைலர் மறுத்துவிடும். ஆனால் இந்தக் கதையை டைப்புகளின் வெற்றிப் பிரசாரமாகச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த எண்கள் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் வழியாகப் போயின. ஃபைலின் எல்லையைத் தாண்டி எந்த மொழியின் டைப்பும் தானாகப் போவதில்லை. அலகையும் சேர்த்து எழுதும் ஒரு ஃபைல் வடிவம் இருந்திருக்க வேண்டும். அதுவும் மாதிரியாக்கம்தான், அங்கேயும் இதே அளவுகோல்தான்.

வேலைவாய்ப்பு, ஆள் கிடைப்பது, பராமரிப்புச் செலவு ஆகியவை உண்மையான காரணங்கள். அவற்றுக்காகப் பொருந்தாத மொழியைத் தேர்ந்தெடுப்பது தவறு என்று சொல்ல மாட்டேன். அது வேறு கணக்கு, அவ்வளவுதான். அந்தக் கணக்கின் விடையை எடுத்துவந்து ‘மொழிகள் எல்லாம் ஒன்றா’ என்ற கேள்விக்கு எதிரே எழுதக் கூடாது.

இங்கே ஆசிரியர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். தமிழ்நாட்டின் புதிய பாடத்திட்டம் 2018-இலும் 2019-இலும் வந்தபோது கணினி அறிவியலில் பதினொன்றாம் வகுப்புக்கு சி++, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் என்று வைத்தார்கள். எஸ்.க்யூ.எல்.-உம் பாடத்தில் உண்டு. சி++-உம் பைத்தானும், பழக்கத்தில் பெரிதாக வேறுபட்டாலும், பிரச்சினையைப் பார்க்கும் விதத்தில் நெருங்கிய உறவினர். மாணவர்களுக்கு உண்மையிலேயே வேறொரு பார்வையைக் காட்டுவது எஸ்.க்யூ.எல். மட்டுமே; ஆனால் அது கட்டளைகளை மனப்பாடம் செய்யும் பகுதியாகச் சுருங்கிவிடுகிறது. உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு வகுப்பை ஒதுக்கி, பஸ் அட்டவணைக் கணக்கைப் பைத்தானிலும் எஸ்.க்யூ.எல்.-இலும் மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். பிறகு புரோலாக்கின் அந்த இரண்டு வரியையும் கரும்பலகையில் போட்டு, ‘கட்டணத்தையும் சேர்த்துக்கொள்வோம்’ என்று கேள்வியில் ஒரு வாக்கியத்தைக் கூட்டுங்கள். மூன்றிலும் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.